விவிலியத்தின் ஆண்டுக் கணக்கும் வரலாற்றின் ஆண்டுக் கணக்கும்

யூபிலி என்றாலே ஆண்டுகளை எண்ணுவதுதான். ஏழு ஏழாண்டுகளை எண்ணி, நாற்பத்தொன்பது ஆண்டு கழிந்ததும் எக்காளம் ஊதி, ஐம்பதாம் ஆண்டைத் தூய ஆண்டாக அறிவிக்கும்படி லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அந்த ஐம்பதாம் ஆண்டைத் தனி ஆண்டாகக் கொள்வதா, அடுத்த ஏழாண்டுச் சுற்றின் முதலாண்டாகவும் அதையே எண்ணுவதா என்று யூத மறைநூல் வல்லுநர்கள் பண்டைக் காலத்திலேயே வாதிட்டிருக்கிறார்கள். ஆகவே யூபிலி மலரில் ஆண்டுக் கணக்கைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமற்றதாகாது.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2022ஆம் ஆண்டு மே மாதம் தமிழக சட்டமன்றத்தில் ஒரு செய்தி அறிவிக்கப்பட்டது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தெடுத்தவற்றை ஆய்ந்ததில், அங்கே கி.மு. 2172 அளவிலேயே இரும்பு புழங்கியது தெரிய வந்தது என்பதே அது. நம் ஊர்ப் பெருமை என்று எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் மறைக்கல்வி வகுப்பில் நோவாவையும் பேழையையும் படித்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பேருந்து நிலையத்தில் கைக்குக் கை கொடுக்கப்படும் துண்டுப் பிரசுரங்கள் சில, உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்றும், வெள்ளப்பெருக்கு கி.மு. 2348இல் வந்தது என்றும் அச்சிட்டுச் சொல்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி எழத்தான் செய்யும். எட்டே பேர் பேழையிலிருந்து இறங்கி, 176 ஆண்டுகளுக்குள் பெருகி, கடல் மலை கடந்து நம் கிருஷ்ணகிரிப் பாறைகள்வரை வந்து, இரும்பும் உருக்கிவிட்டார்களா? இப்படிக் கேட்கும் பிள்ளையை "சாமி காரியத்தில் கேள்வி கேட்காதே" என்று அடக்கும் பெரியவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. அடக்கப்பட்ட பிள்ளை கேள்வியை விடுவதில்லை, கோவிலைத்தான் விடுகிறது. எனவே இந்தக் கணக்கைச் சற்றுப் பொறுமையாகவே பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த கி.மு. 2348 எங்கிருந்து வந்தது? அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த ஜேம்ஸ் அஷர் என்னும் பேரறிஞர் 1650இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. உலகப் படைப்பு கி.மு. 4004 என்று அவர் கணித்தார். 1701 முதல் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரங்களில் அவருடைய ஆண்டுகள் அச்சேறின. ஓரத்தில் அச்சேறியது நாளடைவில் நடுவில் உள்ளதைப் போலவே மதிக்கப்பட்டது! நம் திருச்சபை இதை ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக அறிக்கையிட்டதில்லை. நம்மிடம் வேறொரு கணக்கே வழங்கி வந்தது. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் பாடப்படும் பழைய உரோமை அறிவிப்பில், படைப்புக்குப் பின் 5199ஆம் ஆண்டில், வெள்ளப்பெருக்குக்குப் பின் 2957ஆம் ஆண்டில், மீட்பர் பிறந்தார் என்று இருந்தது. யூதர்களோ படைப்பை கி.மு. 3761 என்றும், கீழைக் கிரேக்கத் திருச்சபையினர் கி.மு. 5509 என்றும் எண்ணினார்கள்.

ஒரே விவிலியத்திலிருந்து இத்தனை கணக்கா என்று வியக்க வேண்டாம். தொடக்கநூல் 5ஆம் அதிகாரத்தில் ஆதாம் சேத்தைப் பெற்றபோது வயது என்ன? எபிரேய மூலத்தில் 130. கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்ட எழுபதின்மர் விவிலியத்தில் 230. இப்படித் தலைமுறைதோறும் நூறு நூறாக வேறுபட்டு, படைப்பிலிருந்து வெள்ளம்வரை எபிரேயத்தில் 1656 ஆண்டும், கிரேக்கத்தில் 2242 ஆண்டும், சமாரியரின் ஏட்டில் 1307 ஆண்டும் ஆகின்றன. அஷர் எபிரேயத்தைப் பின்பற்றினார். பழைய உரோமை அறிவிப்பு கிரேக்க வழியைத் தழுவியது.

இந்த வேறுபாடு நம் நாட்டுக்கு வந்த மறைபோதகர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. சீனாவில் உழைத்த இயேசு சபையினர், சீனரின் அரச வரலாறு அஷர் போன்றோரின் வெள்ளக் கணக்குக்கும் முந்திப் போவதைக் கண்டு, எழுபதின்மரின் நீண்ட கணக்கைப் பயன்படுத்த 1637இல் அனுமதி பெற்றார்கள். இங்கே நம் பக்கத்தில் கலியுகம் குறுக்கே நின்றது. பஞ்சாங்கப்படி கலியுகம் பிறந்தது கி.மு. 3102 பிப்ரவரி 18. நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் அய்ஹொளெக் கோவிலில், இரண்டாம் புலிகேசியின் காலத்தில் இரவிகீர்த்தி பொறித்த கல்வெட்டு, பாரதப் போருக்குப் பின் 3735 ஆண்டு, சக ஆண்டு 556 என்று கணக்குச் சொல்கிறது, அது கி.பி. 634. ஆக 1300 ஆண்டுகளுக்கு முன்பே இக்கணக்கு இங்கே ஊன்றியிருந்தது.

மைசூர் நாட்டில் பணியாற்றிய பாரிஸ் வேதபோதக சபைக் குரு துபுவா (இவர் 1792இல் இந்தியா வந்து 1823இல் பிரான்சுக்குத் திரும்பியவர்) இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றித் தாம் எழுதிய புகழ்பெற்ற நூலில், கலியுகத் தொடக்கத்தையும் நோவா காலத்து வெள்ளத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார். அவர் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. 3102க்கும் 2957க்கும் இடையே 145 ஆண்டுதான். அக்காலத்து அறிஞர் கண்ணுக்கு இது கைக்கெட்டும் தூரம். கல்கத்தாவில் இருந்த சர் வில்லியம் ஜோன்சும் 1788இல் இந்தியக் காலக் கணக்கை மோசேயின் கணக்குக்குள் அடக்க முயன்று கட்டுரை எழுதினார்.

இதில் இன்னொரு சுவையான செய்தி. ஆந்திரப் பகுதியிலும் நம் பகுதியிலும் இருந்த கர்நாடக மிஷன் இயேசு சபைக் குருக்களில் ஒருவரான துஷாம் அடிகள், 1750 வாக்கில் கிருஷ்ணாபுரத்துப் பஞ்சாங்க வாய்பாடுகளைப் பாரிசுக்கு அனுப்பினார். பின்னர் வெள்ளி கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்த லெ ஜெந்தீல், 1769 ஜூன் மாதத்தில் அந்த ஒரு வேளைக்கு மேகம் வந்து மறைத்ததால் அதைக் காணாமலே போனார். ஆனால் தமிழ்ச் சோதிடர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். இந்த வாய்பாடுகளை எல்லாம் வைத்துக்கொண்டு பாய்யி என்னும் பிரெஞ்சு வானியலாளர் 1787இல், கி.மு. 3102இல் இந்தியர் வானத்தை நேரில் நோக்கியே இவற்றை எழுதினார்கள் என்று வாதிட்டார். லாப்லாஸ் என்னும் கணித மேதை அதை மறுத்தார். பிற்காலத்து வானியலார் பின்னோக்கிக் கணக்கிட்டு, கோள்கள் எல்லாம் ஒன்றுகூடிய நாள் ஒன்றைக் கண்டு, அதையே யுகத் தொடக்கமாக வைத்தார்கள் என்பது அவர் முடிவு. இன்றைய அறிஞர்களும் ஏறத்தாழ அதையே ஏற்கிறார்கள். ஆகவே கலியுகத்தையும் வெள்ளத்தையும் கட்டிப் போட்ட கயிறு இரண்டு பக்கமும் அவிழ்ந்துபோயிற்று.

நீண்ட கணக்கைக் கொண்டாலும் தப்ப முடியாது என்பதை நம் தமிழ் மண்ணே காட்டிவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345வரை செல்கிறது என்று 2025 ஜனவரியில் வெளியான அரசு அறிக்கை கூறுகிறது. பழைய உரோமை அறிவிப்பின் வெள்ளத்துக்கும் அது முந்தியது. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளோ பதினைந்து இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நூறு இருநூறு கூட்டி ஒட்டுப்போடும் வேலை இனி எடுபடாது.

அப்படியானால் விவிலியத்தின் எண்கள் பொய்யா? இங்கேதான் நம் மக்கள் நின்று நிதானிக்க வேண்டும். தலைமுறை அட்டவணை என்பது பிறப்புப் பதிவேடு அன்று. டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் தலைமுறை வரிசையை ஆண்டுதோறும் கேட்கிறோம். யோராமின் மகன் உசியா என்று வாசிக்கப்படுகிறது. அரசர்கள் நூலைத் திறந்து பார்த்தால் இருவருக்கும் இடையே அகசியா, யோவாசு, அமட்சியா என்று மூன்று அரசர்கள் இருக்கிறார்கள். மத்தேயு அறியாமல் விடவில்லை. பதினான்கு, பதினான்கு, பதினான்கு என்று வரிசை அமைய வேண்டும் என்றே விட்டார். அதுபோலவே, எகிப்தை விட்டு வெளியேறியதற்கும் சாலமோன் கோவில் கட்டத் தொடங்கியதற்கும் இடையே 480 ஆண்டு என்று 1 அரசர்கள் 6:1 சொல்கிறது. கிரேக்கப் பெயர்ப்பில் 440. நாற்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 480. பன்னிரு தலைமுறை என்பதே இதன் பொருள் என்று பல விரிவுரையாளர்கள் கொள்கிறார்கள். எழுத்துப்படி எண்ணினால் வெளியேற்றம் கி.மு. 1446 அளவில் வருகிறது. ஆனால் விடுதலைப் பயண நூல் 1:11 இராமசேசு நகரைக் குறிப்பிடுவதால், பெரும்பாலான அறிஞர்கள் அதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். 1896இல் பிளிண்டர்ஸ் பெற்றி எகிப்தில் கண்டெடுத்த மெர்னெப்தா மன்னனின் கல், கி.மு. 1208 அளவில் இஸ்ரயேல் என்ற மக்கள் கானான் நாட்டில் இருந்ததைக் கூறுகிறது. விவிலியத்துக்கு வெளியே அப்பெயர் ஐயமின்றி வரும் மிகப் பழைய இடம் இதுவே.

அரசர்களின் காலத்துக்கு வந்துவிட்டால் நிலைமையே வேறு. இங்கே விவிலியம் உண்மையான அரண்மனை ஏடுகளிலிருந்து பேசுகிறது. அதைப் புரிந்துகொள்ள ஓசூர், கிருஷ்ணகிரி மக்களாகிய நமக்கு இருக்கும் வசதி வேறு பலருக்கு இல்லை. நம் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் நிற்கின்றன. அவற்றுள் எழுத்துடையவை கி.மு., கி.பி. என்றா சொல்கின்றன? இன்ன அரசருக்கு இத்தனையாவது ஆண்டில் இன்னான் ஆநிரை மீட்டுப் பட்டான் என்றே சொல்கின்றன. அந்த அரசன் பட்டத்துக்கு வந்த ஆண்டை வேறு சான்றால் அறிந்தாலன்றி, அந்த வீரன் மாண்ட ஆண்டு நமக்குத் தெரியாது. அரசர்கள் நூலும் அச்சாக இதே நடைதான்.

ஆட்சியாண்டை எண்ணுவதிலும் இரண்டு வழக்கம் உண்டு. நம் வீடுகளில் வயது கேட்டால் ஒருவர் "ஐம்பது முடிந்தது" என்பார், இன்னொருவர் "ஐம்பத்தொன்று நடக்கிறது" என்பார். இருவருக்கும் வயது ஒன்றே. கல்வெட்டுகளிலும் சென்ற ஆண்டு, செல்லாநின்ற ஆண்டு என்று இரண்டும் வருகின்றன. நம் சிப்காட் ஆலைகளில் மூன்றாம் ஷிப்ட் இரவு தொடங்கி மறுநாள் காலை முடிகிறது. அந்த உற்பத்தியை எந்தத் தேதியில் எழுதுவது என்பதை ஆலை ஒவ்வொன்றும் தனக்கென முடிவு செய்துகொள்கிறது. அவ்வாறே அரசன் நடு ஆண்டில் இறந்தால் மிச்சமுள்ள மாதங்கள் யாருக்கு? யூதாவிலும் பாபிலோனிலும் பெரும்பாலும் அதைப் புதியவரின் பட்டமேற்பு ஆண்டு என்று தள்ளிவிட்டு, அடுத்த புத்தாண்டிலிருந்து ஒன்று என எண்ணினார்கள். வடநாடான இஸ்ரயேலில் அந்த மிச்ச மாதங்களையே முதலாண்டு என்றார்கள். ஆகவே ஒரே ஆண்டு இறந்தவர் கணக்கிலும் ஏறும், வந்தவர் கணக்கிலும் ஏறும்.

போதாததற்குப் புத்தாண்டும் இரண்டு. ஒன்று இளவேனிலில், ஒன்று இலையுதிர் காலத்தில். இதுவும் நமக்குப் புதிதன்று. 2025ஆம் ஆண்டு மார்ச் 30இல் தெலுங்கு, கன்னட வீடுகளில் யுகாதி வந்து விசுவாவசு பிறந்தது. தமிழ் வீடுகளிலோ ஏப்ரல் 13வரை குரோதியே நடந்தது. ஓசூரில் ஒரே தெருவில், ஒரே சுவருக்கு இப்பக்கமும் அப்பக்கமும் இரண்டு வாரம் இரண்டு ஆண்டுகள்! யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை.

இதை வைத்து விவிலியத்தின் புதிரை அவிழ்த்தவர் எட்வின் தீலே என்னும் அமெரிக்கப் பேராசிரியர். அவருடைய நூல் 1951இல் வெளிவந்தது. அதிலுள்ள ஒரு கணக்கை மட்டும் இங்கே போட்டுப் பார்ப்போம். அசீரியர் ஆண்டுதோறும் ஓர் அதிகாரியின் பெயரை ஆண்டுக்கு இட்டுப் பட்டியல் வைத்திருந்தார்கள். அதில் ஓராண்டில் சூரிய கிரகணம் குறிக்கப்பட்டுள்ளது. வானியலார் கணித்து அது கி.மு. 763 ஜூன் 15 என்று உறுதி செய்தார்கள். அந்த ஓர் ஆணியில் மற்ற ஆண்டுகள் எல்லாம் வரிசையாகத் தொங்குகின்றன. அதன்படி மன்னன் மூன்றாம் சால்மனேசர் கி.மு. 853இல் கர்க்கார் என்னுமிடத்தில் போரிட்டபோது எதிரணியில் இஸ்ரயேலின் ஆகாபு இருந்தார். அதே சால்மனேசர் கி.மு. 841இல் ஏகூவிடம் திறை வாங்கினார். லேயார்டு 1846இல் தோண்டியெடுத்த கருங்கல் தூணில் அத்திறை கொடுக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இன்றும் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காணலாம். ஆக இடைவெளி 12 ஆண்டு.

விவிலியம் என்ன சொல்கிறது? ஆகாபுக்குப் பின் அகசியா 2 ஆண்டு, அவருக்குப் பின் யோராம் 12 ஆண்டு, பிறகு ஏகூ. மொத்தம் 14. "இரண்டு ஆண்டு இடிக்கிறதே" என்று ஐயுறுவோர் உண்டு. ஆனால் இஸ்ரயேல் வழக்கப்படி எண்ணுங்கள்: ஆகாபு இறந்த 853 அகசியாவின் முதலாண்டு, 852 அவருடைய இரண்டாமாண்டு. அதே 852 யோராமின் முதலாண்டு. அங்கிருந்து எண்ணினால் 841 அவருடைய பன்னிரண்டாமாண்டு. ஒன்றுகூட மிஞ்சவில்லை, குறையவும் இல்லை. ஆகாபு போரிட்ட ஆண்டிலேயே இறந்தாக வேண்டும், ஏகூ பட்டமேறிய ஆண்டிலேயே திறை கட்டியாக வேண்டும். அந்த அளவுக்கு நெருக்கமாகப் பொருந்துகிறது.

இதைவிடவும் அழகானது எருசலேமின் வீழ்ச்சி. யோயாக்கின் அரசர் நெபுகத்னேசரிடம் சரணடைந்தது அவனுடைய எட்டாம் ஆட்சியாண்டில் என்று 2 அரசர்கள் 24:12 கூறுகிறது. எரேமியா 52:28 ஏழாம் ஆண்டு என்கிறது. விவிலியமே தன்னோடு மாறுபடுகிறதே என்று பல காலம் ஏளனம் செய்தவர்கள் உண்டு. 1956இல் வைஸ்மன் என்னும் அறிஞர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த பாபிலோனியக் களிமண் ஏடுகளைப் படித்து வெளியிட்டார். அதில் ஏழாம் ஆண்டு, அதார் மாதம் இரண்டாம் நாள் யூதாவின் நகரம் பிடிபட்டது என்று தேதியோடு இருந்தது. கி.மு. 597 மார்ச் 16. எரேமியா நூல் பாபிலோனியர் எண்ணியபடி எண்ணியது. அரசர்கள் நூல் நடப்பு ஆண்டைக் கூட்டி எண்ணியது. இரண்டும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன.

எல்லாம் இப்படிக் கச்சிதமாக அமைந்துவிடும் என்று நாம் மார்தட்டவும் கூடாது. சமாரியா வீழ்ந்தது எசேக்கியாவின் ஆறாம் ஆண்டில் என்றும், சனகெரிபு படையெடுத்தது அவருடைய பதினான்காம் ஆண்டில் என்றும் 2 அரசர்கள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. சமாரியா வீழ்ந்தது கி.மு. 722 அளவில், சனகெரிபு வந்தது, அவனுடைய சொந்தக் கல்வெட்டுப்படி, கி.மு. 701இல். எட்டாண்டு இடைவெளி எங்கே, இருபத்தொன்று எங்கே? தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்டார்கள் என்று சிலரும், படியெடுத்தவர் எண்ணை மாற்றி எழுதினார் என்று சிலரும் சொல்லியிருக்கிறார்கள். எதுவும் முழுதாக ஒட்டவில்லை. ஆயினும் அதே எசேக்கியா நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்த சுரங்கம் எருசலேமில் அப்படியே இருக்கிறது. நீளம் 533 மீட்டர். அதன் சாந்தில் சிக்கியிருந்த தாவரத் துணுக்குகளைக் கார்பன்-14 முறையில் ஆய்ந்து, கி.மு. 700ஐ ஒட்டியது என்று 2003இல் அறிவித்தார்கள். கார்பன்-14 என்பது உயிர் நீங்கிய பொருளில் 5730 ஆண்டுக்குப் பாதியாகக் குறையும் ஒரு கரி வகை. அது எவ்வளவு மிச்சம் என்று அளந்து காலம் சொல்வார்கள். லிப்பி என்பவர் 1949இல் உருவாக்கி, 1960இல் நோபல் பரிசு பெற்ற முறை. மயிலாடும்பாறையின் காலத்தைச் சொன்னதும் இதே முறைதான். எசேக்கியாவுக்குச் சாட்சி சொல்லும்போது கைதட்டிவிட்டு, மயிலாடும்பாறைக்குச் சாட்சி சொல்லும்போது மட்டும் பொய்ச்சாட்சி என்று தள்ள நமக்கு நியாயமில்லை.

புதிய ஏற்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். நாம் எழுதும் கி.பி. ஆண்டை 525இல் வகுத்தவர் தியோனீசியுஸ் என்னும் துறவி. பெரிய ஏரோது இறந்தது, யோசேப்புஸ் குறிப்பிடும் சந்திர கிரகணத்தைக் கொண்டு பார்த்தால், பெரும்பான்மை அறிஞர் கருத்துப்படி கி.மு. 4. இயேசு ஏரோதின் நாளில் பிறந்தவர். ஆகவே கிறிஸ்து கிறிஸ்துவுக்கு முன் பிறந்தார் என்னும் வேடிக்கையான சொற்றொடரை நாம் பழகிக்கொள்ள வேண்டியதுதான். லூக்கா கூறும் குரேனியுவின் மக்கள்தொகைக் கணக்கு கி.பி. 6இல் நடந்ததாக யோசேப்புஸ் எழுதுகிறார். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. ஆனால் திருத்தூதர் பணிகள் 18:12இல் வரும் கல்லியோ, தெல்பி நகரில் 1905இல் வெளிவந்த கல்வெட்டால் கி.பி. 51ஐ ஒட்டி நிலைநிறுத்தப்பட்டார். பவுலின் பயணங்களுக்கெல்லாம் அதுவே மைல்கல். அடுத்த ஆண்டாகிய கி.பி. 52இல்தான் புனித தோமா நம் மேற்குக் கரையில் இறங்கினார் என்பது கேரள மரபு.

திருச்சபை இதில் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. விவிலிய ஆசிரியர்கள் தங்கள் காலத்து எழுத்து வகைகளில் எழுதினார்கள், அவற்றை அறிந்தே படிக்க வேண்டும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943இல் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, நம் மீட்புக்காக இறைவன் எழுதச் செய்த உண்மையைப் பிழையின்றிக் கற்பிப்பதே மறைநூல் என்று வரையறுத்தது. ஆதாமுக்கு 130 வயதா 230 வயதா என்பதை நம்பியா நம் முன்னோர் இம்மண்ணில் திருமுழுக்குப் பெற்றார்கள்?

கிறிஸ்து பிறப்பு இரவில் பாடும் அந்தப் பழைய அறிவிப்பும் இப்போது மாறிவிட்டது. 2001இல் வெளியான புதிய உரோமை மறைசாட்சியர் ஏட்டில் 5199 இல்லை; படைப்புக்குப் பின் எண்ணற்ற காலங்கள் கடந்தன என்று மட்டுமே இருக்கிறது. வெள்ளப்பெருக்குக்கும் ஆண்டு கிடையாது. ஆபிரகாமுக்கும் மோசேக்கும் வந்தால் நூற்றாண்டுகளில் சொல்கிறது. மோசேயோடு மக்கள் வெளியேறியதற்கு முன்பு 1510 ஆண்டு என்று இருந்த இடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டு என்று வந்திருக்கிறது. தாவீதுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. உரோமை நகரம் எழுந்து 752, அகுஸ்துவின் ஆட்சியில் 42 என்று கடைசியில் வரும் எண்கள் மட்டும் பழையபடியே நிற்கின்றன. வரும் டிசம்பர் 24 இரவு நம் பாடகர் குழுவினர் அதைப் பாடும்போது, எந்த இடத்தில் எண் வருகிறது, எந்த இடத்தில் வரவில்லை என்று பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்.